ஒருத்தனும் அவன் சொந்தமும்

போன தை மாதம் அக்கா வீட்டில் புதுமனை புகுவிழா. விடிகாலை நாலரைக்குக் கணபதி ஹோமம். முந்தின ராத்திரி வாடகைக் கடையிலிருந்து வந்த நாற்காலிகளை இறக்கி மாடிக்கு ஏற்ற ஆள் தேவைப்பட்டது. அக்கா மகன், பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலிலிருந்து கிளம்பவே இல்லை. அவனுக்குப் பதிலாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து இறங்கியது. கோட்டோவியம். பக்கவாட்டு முகம், மூக்குக் கண்ணாடி, ஏறிய நெற்றி, கழுத்துவரை மூடிய கோட்டு. கீழே ஒரு வரி: "கடமையா? அது பேய்."

ஐந்தே நிமிஷத்தில் பெரியப்பா 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார். அவரைப் பார்த்துச் சித்தி, சித்தியைப் பார்த்து இன்னும் நாலு பேர், வரிசையாகக் கைகூப்பு. கறுப்பு வெள்ளையில் எந்த முகம் வந்தாலும் எங்கள் குழுவில் இதுதான் நடக்கும். அக்கா போன் செய்து, "யார்றா அந்தக் கண்ணாடிக்காரன்? விசேஷத்த வச்சுக்கிட்டு யார் வீட்ல துக்கம்?" என்றாள்.

துக்கம் பழையது. அந்த ஆள் மாக்ஸ் ஸ்டிர்னர், ஜெர்மன் தத்துவவாதி, செத்தது 1856 ஜூனில், பெர்லினில். பெரியப்பாவின் இரங்கல் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தாமதம், அவ்வளவுதான். அந்தப் படத்தை வரைந்தது யார் என்று தெரிந்திருந்தால் அவர் இன்னும் குழம்பியிருப்பார். தொழிற்சங்கத்தில் ஊறினவர், இன்றும் அவர் வீட்டு முன்னறையில் மார்க்சும் ஏங்கெல்சும் சட்டம் போட்டுத் தொங்குகிறார்கள். படத்தை வரைந்தது அந்த ஏங்கெல்ஸ்தான்.

ஸ்டிர்னருக்குப் புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை. 1892இல், அவர் வாழ்க்கையை எழுத அலைந்துகொண்டிருந்த ஜான் ஹென்றி மக்காய் என்பவர் கேட்டுக்கொண்டதற்காக, எழுபதைத் தாண்டிய ஏங்கெல்ஸ் லண்டனில் உட்கார்ந்து, ஐம்பது வருஷத்துக்கு முன் பெர்லின் மதுக்கடையில் பார்த்த முகத்தை நினைவிலிருந்து நாலு கோட்டில் போட்டுக் கொடுத்தார். உலகம் முழுக்க இன்று பையன்கள் கேலிப் படமாகப் பரப்புவது அந்தக் கோடுகளைத்தான். எதிராளியின் கையால் வரையப்பட்ட முகம் மட்டும் மிஞ்சிய தத்துவவாதி வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று யாரும் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு ஸ்டிர்னர் அறிமுகமானதும் எதிராளி வழியாகத்தான். இருபத்தைந்து வயதில் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுண்டல், பால் இல்லாத டீ, மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய 'ஜெர்மன் சித்தாந்தம்'. ஃபாயர்பாக் என்ற ஜெர்மன் தத்துவவாதி பற்றிய முதல் பகுதியை நாலு வாரம் வரி வரியாகப் படித்தோம். அடுத்தது 'புனித மாக்ஸ்' என்று வந்தபோது, நடத்திய தோழர் கனத்த பக்கங்களைக் கட்டைவிரலால் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இது ஒரு குட்டி முதலாளித்துவ ஆசாமிக்குக் கொடுத்த பதில். நமக்குத் தேவையில்ல" என்று அந்தப் பக்கம் புரட்டிவிட்டார். பாதிப் புத்தகத்துக்கு மேல் அவர் விரலுக்குள் இருந்தது. தேவையில்லாத ஆசாமிக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சுண்டல் நன்றாக இருந்தது.

அக்கா மகன் புண்ணியத்தில், விசேஷம் முடிந்தபின் மூன்று மாதம் அந்தப் பக்கங்களையும், அவை யாரைத் திட்டுகின்றனவோ அந்த ஆளின் புத்தகத்தையும் ஆங்கில வழியாகப் படித்தேன். இந்தப் பதிவு அதிலிருந்து வந்தது.

ஸ்டிர்னர் என்பது பட்டப்பெயர். ஜெர்மனில் 'ஸ்டிர்ன்' என்றால் நெற்றி. படிக்கிற காலத்தில் ஏறு நெற்றியை வைத்துக் கூட்டாளிகள் வைத்த பெயர். சொந்தப் பெயர் யோஹான் காஸ்பர் ஷ்மிட், 1806இல் பாய்ரூட்டில் பிறந்தவர். அப்பா புல்லாங்குழல் செய்பவர், பிள்ளை பிறந்த அடுத்த வருஷமே போய்விட்டார். பெர்லினில் தத்துவவாதி ஹெகலின் வகுப்புகளில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன மறுவருஷம், 1838இல், மனைவி பிரசவத்தில் இறந்தாள், பிள்ளையும் தங்கவில்லை. அப்புறம் ஒரு பெண்கள் பள்ளியில் வாத்தியார். சாயங்காலமானால் ஹிப்பெல் என்பவரின் மதுக்கடையில், 'விடுதலையாளர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பலோடு சுருட்டும் சத்தமும். புரூனோ பாவர் அதில் பெரிய தலை. பீரங்கிப் படையில் ஒரு வருஷச் சேவைக்காக 1841இல் பெர்லின் வந்த இளைஞன் ஏங்கெல்சும் அங்கே போவான். மற்றவர்கள் கத்த, ஸ்டிர்னர் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாராம். ஏங்கெல்ஸ் 1842இல் எழுதிய கேலிப்பாட்டில், மற்றவர்கள் 'மன்னர்கள் ஒழிக' என்று கூவும்போது கூடவே 'சட்டங்களும் ஒழிக' என்று சேர்க்கிற ஆளாக ஸ்டிர்னர் வருகிறார்.

அந்த ஓரத்து ஆள் 1844 கடைசியில் லைப்சிக்கில் ஒரு தடித்த புத்தகத்தை வெளியிட்டார். 'டேர் ஐன்ட்ஸிகெ உண்ட் ஸைன் ஐகன்டும்'. சாக்சனி அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். சில நாளிலேயே, ஆபத்தாக இருக்க முடியாத அளவுக்கு அபத்தம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு அவமானகரமான அனுமதி வேறு புத்தகத்துக்குக் கிடைத்திருக்காது.

புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் நான் முதலில் மாட்டிக்கொண்டேன். 'ஐகன்டும்' என்றால் உடைமை, சொத்து. 'ஒருவனும் அவன் உடைமையும்' என்று போடலாம், சரியாகத்தான் இருக்கும். ஆனால் பேசுகிற தமிழில் உடைமைக்கு நாம் வைத்திருக்கிற சொல் வேறு. சொந்த வீடு, சொந்த நிலம், சொந்தக் கால். அதே மூச்சில் சொந்தக்காரர், சொந்தபந்தம், "சொந்தம் விட்டுப்போகக் கூடாது". என் கையில் இருப்பதும் சொந்தம், என்னைக் கையைப் பிடித்து இழுப்பதும் சொந்தம். இது பிறகு தேவைப்படும்.

புத்தகம் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கடவுளைக் கீழே இறக்கிவிட்டோம் என்று மார்தட்டுகிற ஃபாயர்பாக், அந்தக் காலி நாற்காலியில் 'மனிதன்' என்ற இன்னொரு சாமியை ஏற்றி உட்கார வைத்துவிட்டார். தேசம், சட்டம், ஒழுக்கம், மனிதகுலம், புரட்சி என எல்லாமே நீ படைத்து, பிறகு நீயே கும்பிட ஆரம்பித்த பேய்கள். 'நம் நாத்திகர்கள் பக்திமான்கள்' என்று ஓரிடத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். படித்தபோது எனக்குப் பத்துப் பதினைந்து முகங்கள் நினைவுக்கு வந்தன, அதில் என்னுடையதும் ஒன்று.

பேய் என்பதை அவர் சும்மா உவமையாகச் சொல்லவில்லை. கருத்து பிடித்தவனும் பேய் பிடித்தவனும் ஒன்று என்கிறார். இதைத் தமிழ்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். 'கொள்கைப் பிடிப்பு உள்ளவர்' என்று இரங்கல் கூட்டத்தில் புகழ்கிறோமே, அந்தப் பிடிப்பும் புளியமரத்துப் பிடிப்பும் ஒரே வினைச்சொல்தானே. நம் ஊரில் 'மரை கழண்டவன்' என்பதற்கு ஜெர்மனில் 'தலைக்குள் உத்திரம் ஒன்று கூடுதலாக இருப்பவன்' என்பார்கள். அதை வைத்து அவர் பக்கம் பக்கமாக விளையாடுகிறார். எல்லார் தலையிலும் ஒரு உத்திரம் அதிகம், பெரிய மனிதர்கள் தலையில் கொஞ்சம் பெரிய உத்திரம்.

எல்லாப் பேயையும் ஓட்டியபின் மிஞ்சுவது என்ன? 'நான்'. அந்த நானுக்கும் இலக்கணம் கிடையாது. கோதேயின் பாட்டு வரி ஒன்றை எடுத்து, 'எதன் மீதும் என் காரியத்தை நான் வைக்கவில்லை' என்று தொடங்கி, கடைசியிலும் அதே வரியில் கொண்டுவந்து முடிக்கிறார். இங்கேதான் நிகிலிசப் பட்டம், அதாவது எதிலும் அர்த்தமில்லை என்பவர் என்ற பட்டம், வருகிறது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் நாவல் அந்தச் சொல்லை ஊரெங்கும் பரப்பியது 1862இல், ஸ்டிர்னர் செத்து ஆறு வருஷம் கழித்து. தன்னை அவர் 'வெறுமை என்ற பொருளில் ஒன்றுமில்லாமை அல்ல, படைக்கிற ஒன்றுமில்லாமை' என்கிறார். 1971இல் ஆர். டபிள்யூ. கே. பாட்டர்சன் எழுதிய ஆய்வு நூல் 'நிகிலிசத் தன்னலவாதி' என்றே அவருக்குப் பெயர் வைத்தது. எனக்கு அந்தப் பட்டம் பாதிதான் பொருந்துவதாகப் படுகிறது. ஒன்றுமில்லை என்று சோர்ந்து உட்கார்ந்தவனின் குரல் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. கடன்காரன் வராத ஞாயிற்றுக்கிழமையில் காலை நீட்டி உட்கார்ந்தவனின் குரல் அது.

எல்லாப் பேயையும் ஓட்டினாரா என்றால், இல்லை. மனித வரலாற்றை நீக்ரோ பருவம், மங்கோலியப் பருவம், காக்கேசியப் பருவம் என்று அடுக்கிவைக்கிற சில பக்கங்கள் அதில் இருக்கின்றன. தேசமும் பேய், மனிதனும் பேய் என்றவருக்கு, இனம் என்ற பேய் தன் தோளில் வசதியாக உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. அவரை வைத்துக் கேலிப் படம் போடுகிற எந்தப் பையனும் இந்தப் பக்கங்களைப் போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அடி விழுந்த கதை. முதலில் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் ஏங்கெல்ஸ். 1844 நவம்பர் 19 அன்று மார்க்சுக்கு ஒரு கடிதம். ஃபாயர்பாக்கின் 'மனிதனை' ஸ்டிர்னர் தள்ளியது சரி, நாமும் ரத்தமும் சதையுமான தனி ஆளிலிருந்துதான் புறப்பட வேண்டும், இதைத் தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டு அதன் மேல் கட்டலாம் என்கிற தொனி. மார்க்ஸ் என்ன பதில் எழுதினார் என்பது தெரியாது, அந்தக் கடிதம் மிஞ்சவில்லை. ஆனால் ஜனவரி 20 அன்று ஏங்கெல்ஸ், படித்த சூட்டில் எழுதிவிட்டேன், யோசித்துப் பார்த்ததில் உங்கள் கருத்துதான் எனக்கும் என்று அடங்கிவிடுகிறார். அந்தக் காணாமல்போன கடிதத்துக்கு நான் என் புத்தக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து தருவேன்.

பிறகு 1845–46இல் பிரஸ்ஸல்ஸில் இருவரும் உட்கார்ந்து அந்த மாபெரும் பதிலை எழுதுகிறார்கள். ஸ்டிர்னர் அதில் 'புனித மாக்ஸ்', சில இடங்களில் 'டான் குவிக்ஸோட்' நாவலில் வரும் வேலைக்காரன் 'சான்ச்சோ'. கேலி, கிண்டல், வார்த்தைக்கு வார்த்தை பிடித்து இழுத்தல். தத்துவத்துக்கும் நிஜ உலகைப் படிப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி, பெரியப்பா வீட்டு முன்னறைப் படத்தின் கீழே எழுதி ஒட்ட முடியாத ஓர் உவமை கூட உண்டு. பதிப்பாளர் கிடைக்காமல், 'எலிகளின் கடிக்கும் விமர்சனத்துக்கு' விட்டுவிட்டோம் என்று மார்க்ஸே 1859இல் எழுதினார். முழுசாக அச்சானது 1932இல்.

கேலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் வாதம் கெட்டி. நூலின் முன்னுரையில் ஒரு குட்டிக்கதை வரும். மனிதர்கள் தண்ணீரில் மூழ்குவது, புவியீர்ப்பு என்ற எண்ணம் அவர்களைப் பிடித்திருப்பதால்தான் என்று ஒருவன் நம்பினானாம். எண்ணத்தைத் தலையிலிருந்து இறக்கிவிட்டால் ஆற்றில் பயமில்லாமல் இறங்கலாமாம். பேயை ஓட்டுகிற எல்லாருக்குமான பதில் அது. பேய் தலைக்குள் இல்லை, ஆற்றில் இருக்கிறது.

இன்னொரு இடம் எனக்கு அதைவிடப் பிடித்தது. ஒவ்வொருவனும் ஈடில்லாதவன், ரஃபேல் தீட்டியதை வேறு யார் தீட்ட முடியும் என்று ஸ்டிர்னர் கேட்கிறார். அதற்கு மார்க்ஸ், ரஃபேலின் ஓவியமே அவன் காலத்து ரோமாபுரியின் செழிப்பையும் வேலைப் பிரிவினையையும் அதற்கு முன் வந்த கலை நுட்பத்தையும் நம்பி வந்தது என்று காட்டிவிட்டு, மோட்ஸார்ட்டின் இறுதி இசைப் படைப்பைப் பெருமளவு முடித்தது வேறொருவர் என்பதை ஊசிபோல ஏற்றுகிறார். ஈடில்லாத ஒருத்தன் என்று நாம் கைகாட்டும் இடத்திலேயே நாலு பேர் கை இருக்கிறது.

சரி, வாதம் இவ்வளவு எளிது என்றால் ஏன் முன்னூறு பக்கத்துக்கு மேல்? பல ஆய்வாளர்கள் சொன்ன விடைதான் எனக்கும் தோன்றுகிறது. 1844 கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் பேசிய 'இனத்தன்மை' (மனித இனம் முழுமைக்கும் பொதுவான இயல்பு), மனித சாரம் எல்லாம் ஃபாயர்பாக் வீட்டுச் சரக்கு. ஸ்டிர்னர் எறிந்த கல் மார்க்ஸ் மேலும் பட்டது. 1845க்குப் பிறகு அந்தச் சொற்கள் அவர் எழுத்தில் பின்னால் போகின்றன, உற்பத்தியும் உறவுகளும் முன்னால் வருகின்றன. தான் நேற்றுவரை கட்டியிருந்த வேட்டியில்தான் கறை இருக்கிறது என்று தெரிந்தவன், கறையைக் காட்டியவனை அவ்வளவு சத்தமாகத் திட்டுவான்.

மற்ற விமர்சகர்களுக்கு ஸ்டிர்னரே 1845இல் பதில் எழுதினார், தன்னைப் படர்க்கையில் 'ஸ்டிர்னர்' என்று குறிப்பிட்டுக்கொண்டு. அந்தப் பதில் பெரிய புத்தகத்தை விட நல்லது என்பேன். மோசஸ் ஹெஸ் என்ற சோஷலிஸ்ட், நீ சொல்கிற 'தன்னலவாதிகளின் கூட்டு' இன்றைய சந்தைச் சமூகம்தானே என்று கேட்டிருந்தார். ஸ்டிர்னர் தத்துவம் பேசாமல் ஹெஸ்ஸை ஜன்னல் பக்கம் கூட்டிப்போகிறார். வெளியே குழந்தைகள் ஓடிவந்து சேர்ந்து விளையாடுகிறார்களா பார், அது அந்தக் கூட்டு. உனக்கு ஒரு காதலி இருந்தால் அதுவும். தெருவில் நண்பர்கள் எதிர்ப்பட்டு, வா ஒரு கிளாஸ் போடலாம் என்கிறார்களா, கடமைக்காகவா போகிறாய், ருசிக்கிறது, போகிறாய். 'நான்' என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, தான் சொல்வது ஒரு சொல் மட்டுமே, தான் கருதுவது சொல்லுக்குள் வராதது என்கிறார். கண்டவர் விண்டிலர் என்று நம் ஊரில் யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், அல்லது உனக்கும் பேய் பிடித்திருக்கிறது என்றிருப்பார்.

ஆனால் ஒரு விமர்சனத்துக்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அது ஃபாயர்பாக் எழுதியது. உன் ஈடில்லாத 'நான்' ஆணா பெண்ணா என்று அவர் கேட்கிறார். நீ தலை முதல் கால் வரை ஆண், அந்த உடம்பிலேயே இன்னொரு உயிரை, பெண்ணை, நோக்கிய உறவு எழுதியிருக்கிறது, உறவு இல்லாத நானை எங்கே பிடித்தாய்? இதைப் படித்ததும் நான் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அங்கே சமர்ப்பணம்: 'என் காதலி மரீ டேன்ஹார்ட்டுக்கு'.

மரீயைப் பற்றிச் சொல்லாமல் ஸ்டிர்னர் விமர்சனம் முழுமையாகாது. ஊரிலிருந்து பெர்லினுக்கு வந்து, அந்த மதுக்கடைக் கும்பலோடு சரிக்குச் சரி சுருட்டுப் பிடித்து பில்லியர்ட்ஸ் ஆடிய பெண். 1843 அக்டோபரில் கல்யாணம். பாதிரியார் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். மோதிரம் வாங்க மறந்துவிட்டதால் புரூனோ பாவர் தன் பணப்பையில் கோத்திருந்த பித்தளை வளையம் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாராம். கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. சம்பிரதாயம் என்ற பேய் அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

மரீக்குப் பரம்பரைச் சொத்தாகக் கொஞ்சம் பணம் இருந்தது. ஸ்டிர்னர் புத்தகம் வருவதற்கு முன்பே பள்ளி வேலையை விட்டிருந்தார். 1845இல் மரீயின் பணத்தைப் போட்டு ஒரு பால் வியாபாரம். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் மாடு வைத்திருப்பவர்களிடம் பேசி, பாலை மொத்தமாகப் பெர்லினுக்கு வரவைத்து விற்பது திட்டம். மக்காய் சேகரித்த கதைப்படி, பால் வந்தது. வாங்க ஆள்தான் வரவில்லை. வாடிக்கை பிடிக்க வேண்டும், ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. பால் திரிந்து, கடைசியில் சாக்கடையில் கொட்டினார்கள். தொழில் போயிற்று, மரீயின் பணத்தில் பெரும்பங்கும் போயிற்று. 1846இல் மரீயும் போய்விட்டாள். அதற்குள் அவர் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலை ஜெர்மனில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். சந்தையைப் பற்றி உலகின் புகழ்பெற்ற புத்தகத்தை, ஒரு கேன் பாலை விற்கத் தெரியாதவர் மொழிபெயர்த்தார். 1853இலும் 1854இலும் கடன் சிறை. மார்க்சின் ஆறு அதுதான்.

செத்தபின் முப்பது வருஷம் ஏறக்குறைய யாருக்கும் அவர் நினைவு இல்லை. 1887இல் பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பறையில் வேறு ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மக்காய் கண்ணில் அந்தப் பெயர் பட்டது. அதோடு மக்காய்க்குப் பிடித்தது, நான் மேலே சொன்ன இரண்டு அர்த்தத்திலும் பிடித்தது. ஸ்டிர்னர் குடியிருந்த வீடு வீடாகத் தேடிப்போனார், கல்லறைக்குக் கல் வைத்தார், 1898இல் வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். புனிதம் என்பதே பேய் என்றவருக்கு ஒரு பக்தன் வாய்த்தான்.

அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் பாத்திரத்தில் மொண்டுகொண்டு போனார்கள். நீட்சே படித்தாரா இல்லையா என்பது இன்றுவரை ஓயாத சண்டை. அவர் எழுத்தில் ஸ்டிர்னர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, ஆனால் 1874இல் அவருடைய பிரிய மாணவர் ஒருவர் பாசல் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் போன பதிவு இருக்கிறது, ஆசிரியர் சொல்லித்தான் எடுத்தேன் என்று அந்த மாணவர் சொன்னதாகவும் இருக்கிறது. முசோலினி 1919இல், தனி மனிதனைத் தவிர வேறு மனித உண்மை இல்லை, ஸ்டிர்னர் ஏன் மறுபடி வரக் கூடாது என்று எழுதினார். ஆறே வருஷத்தில் அதே வாய், 'எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவுமில்லை' என்றது. அரசைப் பெரும் பேய் என்றவரைப் படித்துவிட்டு! பிரெஞ்சு எழுத்தாளர் கேமு 1951இல் ஸ்டிர்னரையும் நீட்சேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முட்டுச்சந்தில் நின்று ஸ்டிர்னர் சிரிக்கிறார், நீட்சே சுவரில் போய் மோதுகிறார் என்றார். நான் படித்த ஒருவரி விமர்சனங்களில் இதற்கு இணை இல்லை.

என்னை உறுத்தியது அமெரிக்க வாரிசு. பெஞ்சமின் டக்கர், 'லிபர்ட்டி' என்ற அராஜகவாதப் பத்திரிகை நடத்தியவர், நேர்மையான ஆள், 1907இல் ஸ்டிர்னரை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அவர்தான். இயற்கை உரிமை என்று ஒன்று இல்லை, அதுவும் பேய் என்ற முடிவுக்கு 1880களிலேயே வந்துவிட்டார். உரிமை போனால் மிஞ்சுவது பலமும் ஒப்பந்தமும். அப்படியானால் ஒப்பந்தம் போட முடியாத குழந்தை? 1895இல் டக்கர் தயங்காமல் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தார்: ஒப்பந்தம் செய்யும் வயது வரும்வரை குழந்தை தாயின் உடைமை. ஸ்டிர்னர் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட மடையில் தண்ணீர் இயல்பாகப் போய்ச் சேருகிற பள்ளம் இது. அவர் புத்தகத்தில் காதல் உண்டு, நட்பு உண்டு. மனிதர்களை நேசிக்கிறேன், நேசிப்பது எனக்குச் சுகமாக இருப்பதால் நேசிக்கிறேன், நேசி என்ற கட்டளைக்காக அல்ல என்று அழகாகவே சொல்கிறார். ஜன்னலுக்கு வெளியே விளையாடும் குழந்தைகளும் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சலில் அழுகிற குழந்தை இல்லை. சொந்தம் அங்கே ஒரு பக்கமாக மட்டும் பாய்கிறது, என் கைக்குள். என்னைப் பிடித்து இழுக்கிற பக்கத்துக்குப் பேய் என்று பெயர்.

மரீ இங்கிலாந்துக்குப் போனாள், பிறகு ஆஸ்திரேலியா. அங்கே துணி துவைத்துப் பிழைத்ததாகச் சொல்கிறார்கள். கத்தோலிக்கச் சமயத்தில் சேர்ந்து, மறுபடி லண்டன் வந்தாள். 1897இல் மக்காய் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினார். பார்க்க மறுத்துவிட்டாள். எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் வேண்டாவெறுப்பாகப் பதில். ஸ்டிர்னரைத் தான் நேசித்ததும் இல்லை, மதித்ததும் இல்லை. நண்பர்கள் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குத் தன்னலம் பிடித்தவர், மிகவும் கள்ளமானவர். தன் பெயரை 'மேரி ஸ்மித்' என்று போட்டு, இனி இதைப் பற்றி எழுத மாட்டேன், உடம்பு சரியில்லை, சாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்று முடித்துக்கொண்டாள். ஷ்மிட் என்ற அவன் பெயரை மட்டும் ஆங்கிலமாக்கிக் கடைசிவரை வைத்திருந்தாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஐம்பது வருஷக் கசப்பு, மதம் மாறிய மனசு, பணத்தை இழந்த கோபம் என அந்தச் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்யக் காரணங்கள் உண்டு. மக்காயும் அப்படித்தான் ஓரம் கட்டினார். வாழ்க்கையை வைத்துத் தத்துவத்தை அளக்கக் கூடாது என்று எனக்கும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'என் சொந்தம்' என்று தலைப்பு வைத்து, முதல் பக்கத்தில் ஒருத்தியின் பெயரைப் போட்டவனிடம், அந்த ஒருத்தி என்ன சொன்னாள் என்று கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அன்றைக்கு அக்கா மகன் வராமல் இருந்துவிடவில்லை. மூன்றே முக்காலுக்கு பைக்கில் வந்து நின்றான், காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு. மிச்சமிருந்த நாற்காலிகளை நானும் அவனும் மாடியில் விரித்துப் போட்டோம். கீழே ஐயர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றிக் கேட்டேன். உற்சாகமாகப் பேசினான். நானும் விடவில்லை.

"உன் கல்விக் கடனுக்கு நான்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த வட்டி, அதுவும் பேயா?"

"இல்ல மாமா, வட்டி நிஜம். கட்டலேன்னா ஆள் வருவான், அது பேய் இல்ல." ஒரு நாற்காலியைத் தட்டி நேராக வைத்தான். "ஆனா போன மாசம் ஒரு தவணை லேட்டானப்ப, அந்தத் தெருப் பக்கமே போகாம சுத்திப் போனீங்கன்னு அம்மா சொன்னாங்க. மேனேஜர் பார்த்துடுவாரோன்னு. அது பேய்."

முன்னூறு பக்க மார்க்ஸ் அப்போது என் கையில் இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். நான் உண்மையிலேயே சுற்றித்தான் போயிருந்தேன், சந்து வழியாக, மழைத் தண்ணீரில்.

ஹோமம் முடிந்து, புது அடுப்பில் பால் வைத்தார்கள். எல்லாரும் சமையலறை வாசலில் நெருக்கியடித்து நின்றோம். பெரியப்பா முன்வரிசையில். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் ஊற்றியதில் பாதிப் பேருக்குக்கூடப் பற்றவில்லை. அக்கா கூட்டத்துக்குள் தலையை நீட்டித் தேடி, "டேய், ஓடிப்போய் நாலு பாக்கெட் பால் வாங்கிட்டு வா" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே கையை நீட்டினான்.

"மாமா, காசு?"